படகுக்குக் கதவு இல்லை



வெளியூர் செல்லும்போது வீட்டைப் பூட்டிவிட்டு எத்தனை முறை அந்தப் பூட்டை இழுத்துப் பார்க்கிறீர்கள்? தெருமுனை வரை சென்றவர்கள்கூட ஐயம் தோன்றித் திரும்பி வருவதுண்டு. இதில் தவறு ஏதுமில்லை. பொருளைக் காப்பது மனித இயல்பு. ஆனால் கடலை நம்பி வாழ்கின்ற ஒருவரைச் சற்று எண்ணிப் பாருங்கள். குடும்பத்தின் சொத்து முழுவதையும் ஒரு கயிற்றின் நுனியில் கட்டி, இருளிலும் காற்றிலும் விட்டுவிட்டு, அவர் வீட்டிற்கு வந்து உறங்குகிறார். படகுக்குக் கதவு இல்லை, பூட்டும் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு நங்கூரமும், மற்றவர் மீது வைத்த நம்பிக்கையும்தாம்.

நிறுத்தி வைத்த படகுகளிலிருந்து வள்ளங்களும் இயந்திரங்களும் வலைகளும் களவு போவதைப் பற்றியே இக்கட்டுரை. நாம் கடலுக்குச் செல்பவர்கள் அல்லரே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கரையில் இருக்கும் உங்களுக்கும் எனக்கும் இதில் பங்கு உண்டு என்பதை இறுதியில் நீங்களே உணர்வீர்கள்.

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில், பாக் நீரிணையை ஒட்டி அமைந்தது. அங்கே கடல் ஆழமற்றது. ஆதலால் விசைப்படகுகள் கரையை நெருங்க இயலாமல் சற்றுத் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும், பனிக்கட்டியையும், டீசலையும் கொண்டு சேர்க்கச் சிறு வள்ளங்கள் போய் வரும். விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாட்கள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாட்கள் என்று இந்தக் கரையில் நெடுங்காலமாக ஓர் ஏற்பாடு உண்டு. அதற்கு மேல், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். புயல் எச்சரிக்கை வந்தால் எவருமே கடலில் இறங்குவதில்லை. ஆக, ஆண்டின் பல இரவுகளில் ஆளில்லாத படகுகள் நீரில் ஆடிக்கொண்டிருக்கும். திருடனுக்கு இதைவிட வசதியான சந்தை வேறு எங்கே கிடைக்கும்?

திருடுவதும் கடினமன்று. வள்ளத்தின் பின்பலகையில் பொருத்தப்படும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினை இருவர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். அதைப் பலகையோடு பிடித்திருப்பவை இரண்டே திருகுகள். ஜி.பி.எஸ். கருவியோ உள்ளங்கையில் அடங்கிவிடும். பேட்டரி, வாக்கி டாக்கி, நங்கூரம், எரிபொருள் கேன், வலைக்கட்டு, நீருக்கடியில் சுழலும் வெண்கல விசிறி ஆகிய ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. விலை உண்டென்றால் அதற்குக் கை நீட்டுபவரும் உண்டு.

இந்தத் துன்பம் எங்கள் குடும்பத்திற்கும் வந்தது. 2022ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள், சுபுஹுத் தொழுகைக்கு முன்பே கடலுக்குப் புறப்பட்ட என் தங்கையின் மகன், தன் ஃபைபர் வள்ளம் நின்ற இடத்தில் வெறும் நீரைக் கண்டான். கரையோரத்து முளையில் கயிற்றின் மிச்சம் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் அறுந்த கயிற்றின் முனை பிரிபிரியாக இருக்கும். இதுவோ கத்தியால் ஒரே வெட்டில் அறுக்கப்பட்ட முனை.

பிற்பகலில் தெற்கே ஒரு மணல் திட்டில் வள்ளம் தட்டி நிற்பதாகச் செய்தி வந்தது. சென்று பார்த்தோம். எஞ்சின் இல்லை. பேட்டரி இல்லை. எட்டுக் கட்டு நண்டு வலைகளும் இல்லை. வள்ளம் மட்டும் வயிறு ஒட்டிய கால்நடையைப் போலச் சாய்ந்து கிடந்தது.

இலட்ச ரூபாய்க்குக் குறையாத எஞ்சின் அது. அதன் விலையில் ஒரு பகுதி அரசு மானியம். ஒரு பகுதி அவன் மனைவியின் வளையல்களை அடகு வைத்த பணம். எஞ்சியது நண்டு வியாபாரி கொடுத்த முன்பணம். வாசகர்களில் பலருக்கு இந்த முன்பணத்தின் தன்மை தெரிந்திராது. பாக் நீரிணையில் பிடிபடும் நீலக்கால் நண்டின் சதை, பதப்படுத்தப்பட்டு அமெரிக்கா வரை ஏற்றுமதியாகிறது. ஆனால் முன்பணம் வாங்கிய தொழிலாளி, தான் பிடித்த நண்டை அந்த வியாபாரிக்கே கொடுத்தாக வேண்டும். அதுவும் சந்தை விலைக்குச் சற்றுக் குறைவாக. எஞ்சின் ஓடும்வரை கடன் மெல்ல மெல்லக் கரையும். எஞ்சின் போனால் கடன் நிற்குமா? அது வளரும். புதிய எஞ்சினுக்குப் புதிய முன்பணம். புதிய முன்பணத்திற்கு இன்னும் குறைந்த விலை. திருடன் ஒரே இரவில் எடுத்துச் சென்றது ஓர் இயந்திரத்தை மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் வரப்போகும் மூன்று, நான்கு ஆண்டுகளையும் சேர்த்தே எடுத்துச் சென்றான்.

பொருள் இழப்பைவிடக் கொடியதொன்று மறுநாள் நிகழ இருந்தது. அண்டைக் குப்பத்து இளைஞன் ஒருவனை முதல் நாள் அந்தி வேளையில் எங்கள் கரையில் கண்டதாக எவரோ சொன்னார்கள். அவ்வளவுதான்! அஸருக்குள் அந்தப் பேச்சு, 'அவன்தான் எடுத்தான்' என்று உருமாறிவிட்டது. மஃரிபுக்குப் பின் பத்துப் பன்னிரண்டு வாலிபர்கள் கையில் துடுப்புக் கட்டைகளோடு புறப்பட ஆயத்தமாயினர். பல தலைமுறைகளாக ஒரே கடலில் வலை வீசி, திருமணத்திற்கும் மையித்திற்கும் ஒருவர் வாசலுக்கு ஒருவர் சென்று வந்த இரண்டு ஊர்கள், ஓர் எஞ்சினுக்காக இரத்தம் சிந்தும் நிலை உருவாயிற்று.

அப்போது என் தங்கை வாசலுக்கு வந்து, எல்லோர் முன்னிலையிலும் என்னிடம் சொன்னாள்: "காக்கா, எஞ்சின் போனது போகட்டும். கண்ணால் காணாத ஒன்றுக்காக இன்னொரு தாய் பெற்ற பிள்ளை மேலே கை வைக்க விடாதீங்க. பிறகு அந்தப் பாவத்தை நாம் எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?"

பொருளைப் பறிகொடுத்தவளே இவ்வாறு சொன்ன பிறகு, துடுப்புக் கட்டைகள் தாழ்ந்தன. இரண்டு ஊர்ப் பெரியவர்களும் அமர்ந்து விசாரித்தார்கள். அந்த இளைஞன் எங்கள் கரையில் ஒருவரிடம் வலை நூல் வாங்க வந்தவன் என்பதும், களவு நடந்த இரவு முழுவதும் தன் சகோதரியின் பிரசவத்திற்காகப் பக்கத்து நகர மருத்துவமனையில் இருந்தவன் என்பதும் ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாயின. அன்று அவன் மீது ஓர் அடி விழுந்திருந்தால், அதைத் திருப்பி எடுக்க யாரால் முடிந்திருக்கும்?

காவல் நிலையத்திற்குச் சென்றோம். கடலில் நடந்த களவு தங்கள் எல்லைக்குள் வராது என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டோம். பிறகு வேறொரு நிலையத்தில் புகாரை ஏற்றுக்கொண்டு அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "எஞ்சின் நம்பர் என்ன?" என்பதே. நல்வாய்ப்பாக, மருமகனின் மனைவி அந்த ரசீதைப் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களோடு சேர்த்துப் பாதுகாத்து வைத்திருந்தாள். எண் இல்லாத புகார், முகவரி இல்லாத கடிதத்திற்கு ஒப்பாகும் என்பதை அன்று நேரில் கண்டேன்.

ஒரு மாதம் கழிந்தது. ஒரு மாலைப் பொழுதில் மருமகன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். "மாமா, ஒருத்தர் ஒரு எஞ்சின் கொண்டு வந்திருக்கிறார். நம்முடையது போலவே 9.9தான். புதுசு மாதிரி இருக்கு. மூன்றில் ஒரு பங்கு விலைக்குத் தருகிறாராம். ரசீது மட்டும் இல்லையாம்" என்றான்.

நான் சென்று பார்த்தேன். எண் தகடு இருக்க வேண்டிய இடத்தில் அரம் போட்ட கீறல்கள் தெரிந்தன. அது எங்கள் எஞ்சின் அன்று. நிறமும் தயாரிப்பும் வேறு. எந்தக் கரையிலோ இன்னொரு குடும்பம் இழந்த பொருள் அது என்பதை அறிய எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

மருமகன் வாதாடினான். அவனுடைய வாதத்தை எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். பசியிலிருந்து பிறந்த வாதம் அது. "நான் வாங்காவிட்டால் வேறொருவன் வாங்கத்தான் போகிறான். என் பொருளும் போச்சே, எனக்கு யார் நியாயம் செய்தார்கள்?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள், கதவோரம் நின்ற அவன் மனைவி மெல்லிய குரலில் சொன்னாள்: "இப்போ இதே நேரத்தில், எங்கேயோ ஒரு வீட்டு வாசலில் நம்ம எஞ்சினை வைத்துக்கொண்டு இதே பேச்சைத்தானே யாரோ பேசிக்கொண்டிருப்பாங்க?"

அதன் பின் அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. தரகரிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, என்னோடு காவல் நிலையத்திற்கு வந்து விவரத்தைத் தெரிவித்தான். அந்தத் தரகரை மறுபடியும் எங்கள் பகுதியில் எவரும் காணவில்லை. மருமகன் எட்டு மாதங்கள் பிறர் படகில் பங்குக்கு உழைத்தான். அந்த எட்டு மாதமும் அவ்வீட்டில் மீன் வாசம் குறைந்தது; ஆனால் எவரும் தலை குனியவில்லை.

வாசகர்களே, களவின் வேர் திருடனிடத்தில் மட்டும் இல்லை, வாங்குபவனிடத்திலும் இருக்கிறது. இது இன்று நேற்றுக் கண்ட உண்மையன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மாநகரின் தேம்சு நதியில் கப்பல்கள் நெருக்கியடித்து நின்றன. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சர்க்கரையும், ரம்மும், காப்பியும் ஏற்றி வந்த கப்பல்கள் ஆற்றின் நடுவே கட்டப்பட்டு, சரக்குகள் தோணிகள் மூலம் கரையேற்றப்பட்டன. அங்கே திருட்டு ஒரு தொழிலாகவே வளர்ந்திருந்தது. கப்பலின் காவலர்களுக்கே கையூட்டுக் கொடுத்து இரவில் மூட்டைகளைப் பிரித்தெடுத்த கூட்டம் ஒன்று. உட்பைகள் தைத்த ஆடையணிந்து பகலிலே சரக்கிறக்கும் வேலையோடு களவையும் செய்த கூட்டம் ஒன்று. நீர் வற்றிய நேரத்தில் கப்பலின் அடியில் சேற்றில் நின்று, மேலிருந்து வீசப்பட்டவற்றைப் பிடித்துச் சென்ற கூட்டம் இன்னொன்று. தோணியின் கயிற்றை அறுத்து மிதக்கவிட்டு, வசதியான இடத்தில் கொள்ளையிட்ட ஆற்றுக் கொள்ளையரும் இருந்தனர். கயிற்றை அறுக்கும் அந்த உத்தி இரு நூற்றாண்டுகள் கடந்து எங்கள் கரையிலும் தென்பட்டதை எண்ணி வியக்கிறேன்.

பாட்ரிக் கொல்குவன் என்ற நீதிபதியும், ஜான் ஹாரியட் என்ற முன்னாள் மாலுமியும் சேர்ந்து, வணிகர்களின் பொருளுதவியோடு, 1798 ஜூலையில் வாப்பிங் என்னுமிடத்தில் ஓர் ஆற்றுக் காவல் படையைத் தொடங்கினர். 1800இல் சட்டத்தின் மூலம் அது அரசின் படையாயிற்று. பெயர் பெற்ற இலண்டன் பெருநகரக் காவல் துறை 1829இல்தான் தோன்றியது. ஆக, அந்நகரின் காவல் துறைக்கு முன்னோடியாக அமைந்தது, கட்டி நின்ற கப்பல்களில் நடந்த களவுதான்! அந்தக் கொல்குவன் தம் எழுத்துகளில் மீண்டும் மீண்டும் சுட்டிக்காட்டியது, திருட்டுப் பொருளை வாங்கும் கடைக்காரர்களையே. அவர்களின் கதவுகள் அடைபட்டால் திருடனின் கை தானே தளரும் என்பது அவர் கண்ட முடிவு.

நம் நாட்டுச் சட்டமும் இதை அறியாததன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டைத் தண்டிக்கிறது. 317ஆம் பிரிவு, திருட்டுப் பொருள் என அறிந்தும் அதைப் பெறுபவரைத் தண்டிக்கிறது. அதற்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. அதே நாளில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம் என்கிறது. அதன் நகலை இலவசமாகப் பெறுவதும் புகார் தருபவரின் உரிமை. இனி ஒருவர் எல்லையைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பினால், இதைப் பணிவோடு நினைவூட்டுங்கள்.

கடற்கரையில் வாழும் வாசகர்களுக்குச் சில சொற்கள். எஞ்சினின் எண்ணையும் ரசீதையும் கைப்பேசியில் படமெடுத்து, வெளியூரில் உள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். எண் தகட்டை அரத்தால் அழிக்கலாம்; ஆகவே எளிதில் கண்ணுக்குப் படாத வேறோர் இடத்திலும் உங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளம் ஒன்றைப் பொறித்து வையுங்கள். கழற்ற முடிந்ததைக் கழற்றிக் கரைக்குக் கொண்டு வாருங்கள். முடியாததைச் சங்கிலியிட்டுப் பூட்டுங்கள். எஞ்சினின் இரு திருகுப் பிடிகளையும் சேர்த்துப் பூட்டினால், திருடனுக்கு வேலை கூடும். கரையில் முறை வைத்து இரவுக் காவல் இருங்கள். ஐயத்திற்குரிய படகைக் கண்டால் நீங்களே தண்டிக்க முனையாமல், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

கடைசியாகச் சொன்னதைச் சிறிய செய்தியாகக் கருத வேண்டாம். 2008 நவம்பர் 26 அன்று மும்பையைத் தாக்கிய கொடியவர்கள், குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கடலில் கைப்பற்றி, அதிலிருந்தவர்களைக் கொன்று, பின்னர் காற்றடைத்த சிறு படகொன்றில் கரையிறங்கினார்கள். அந்தச் சிறு படகின் எஞ்சின் எண்ணை அவர்கள் அழிக்க முயன்றும், அந்த எண் புலனாய்வாளர்களுக்குத் துப்பாக அமைந்தது. களவு போன படகு எவர் கையில் எதற்கு ஆயுதமாகும் என்பதை யார் அறிவார்?

பாய்மரப் படகுகளில் உலகைச் சுற்றி வருவோர் கரீபியத் தீவுகளில் ஒரு வழக்கத்தைக் கைக்கொள்கிறார்கள். இரவானதும் தம் சிறு படகை நீரிலிருந்து தூக்கிப் பெரிய படகின் பக்கவாட்டில் கட்டிவிடுவார்கள். தூக்காதவன் இழப்பான் என்பது அவர்களிடையே பழமொழி போலாகிவிட்டது. அவர்களில் சிலர் புத்தம் புதிய எஞ்சினுக்கு வேண்டுமென்றே அருவருப்பான வண்ணத்தைப் பூசி, பழையது போல் ஆக்கிவிடுவதும் உண்டு. அழகு குறைந்தால் ஆசை குறையும் அல்லவா?

இதை அறிந்தபோது, திருக்குர்ஆனின் கஹ்ஃப் அத்தியாயம் என் நினைவில் எழுந்தது. நபி மூஸா (அலை) அவர்களோடு பயணம் செய்த ஹிள்ரு (அலை) அவர்கள், தாம் ஏறி வந்த படகையே பழுதாக்கிய வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். அது கடலில் உழைக்கும் ஏழைகளின் படகு. பழுதில்லாத படகுகளை எல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் அவர்களுக்கு அப்பால் இருந்தான். அந்த ஏழைகளின் பிழைப்பைக் காக்க, படகின் அழகு சிறிது குறைக்கப்பட்டது. ஏழையின் படகு அவ்வளவு பெரிய கவனத்திற்கு உரியதாக இருந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சம் நெகிழ்கிறது.

2022ஆம் ஆண்டின் இறுதியில், ஊர் பைத்துல்மாலின் வட்டியில்லாக் கடனும் உறவினர் உதவியுமாக மருமகன் புதிய எஞ்சின் வாங்கினான். வாங்கிய அன்றே அதன் மேல் கருந்தாரும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாகப் பூசி, தன் பெயரையும் பெரிதாக எழுதிவிட்டான். கரையில் பிள்ளைகள் அதைக் கண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பழைய எஞ்சின் இன்றுவரை கிடைக்கவில்லை.

இனி, கடலுக்குச் செல்லாத உங்களிடம் வருகிறேன். பழம்பொருள் கடையை நாம் காயலான் கடை என்கிறோம். அப்பெயர் நம் காயற்பட்டினத்து வணிகர்களால் ஏற்பட்டது என்பார்கள். பிறர் வேண்டாமென்று கழித்த பொருளை நேர்மையாக வாங்கி, நேர்மையாக விற்றுப் பெற்ற பெயர் அது. அத்தகைய கடையொன்றில் நள்ளிரவில் ஒரு வெண்கல விசிறி எடை போடப்படுமானால், அந்தத் தராசின் மறுதட்டில் ஒரு குடும்பத்தின் அடுப்பு இருக்கிறது. ரசீதில்லாத கைப்பேசி, எண் அழிக்கப்பட்ட மோட்டார், பாதி விலைக்கு வாசலில் வந்து நிற்கும் சைக்கிள் ஆகிய இவையெல்லாம் நம் தெருவுக்கும் வருகின்றன. 'எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வியைக் கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது. மலிவு விலை நம் நாவைக் கட்டிவிடுகிறது.

கேளுங்கள் வாசகர்களே! கூச்சமின்றிக் கேளுங்கள். பதில் வராவிட்டால், அந்தப் பொருள் எத்துணை மலிவாயினும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல், கதவில்லாத படகுகளுக்கு நீங்கள் இங்கிருந்தே போடுகின்ற பூட்டாகும்.